மதிலுக்கு அந்தப் பக்கம்: வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணத்தில் வீடு வைத்திருப்போருக்கு ஒரு திறந்த மடல்

என்னைப்போல வெளிநாட்டில் சீவித்துக்கொண்டு யாழ்ப்பாணத்தில் வீடு வளவு வைத்திருக்கும் உறவுகளுக்கு,

வணக்கம்.

நான் ஜேர்மனியின் மியூன்ஸ்ரர் நகரத்தில் 29 வருடம் வீடு வீடாகக் கடிதம் கொடுத்தவன். 1986 இல் ஊரைவிட்டுப் போனேன். வேலையிலிருந்து ஓய்வெடுத்துக்கொண்டு 2025 செப்ரெம்பர் கடைசியில் வண்ணார்பண்ணையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தேன், இன்னும் திரும்பவில்லை. இடையில் ஐந்து தடவை வந்து போயிருக்கிறேன். கலியாணம், செத்தவீடு, நல்லூர்த் திருவிழா என்று மூன்று கிழமை நிற்பதும் வான் பிடித்து ஓடித் திரிவதுமாக அந்த நாட்கள் போய்விட்டன. காலால் நடந்து ஊரைப் பார்த்தது இந்தமுறைதான். விடிய ஐந்தரைக்கு எழும்பி நடக்கிற பழக்கம் தபாலோடு வந்தது, இன்னும் விட்டுப்போகவில்லை. வைத்தீஸ்வரன் கோயிலடியில் தொடங்கி ஒருநாள் கன்னாதிட்டி, ஒருநாள் நாவலர் வீதி, ஒருநாள் நல்லூர், இன்னொருநாள் சுண்டிக்குளி, குருநகர் என்று ஒழுங்கை ஒழுங்கையாக நடக்கிறேன்.

தபால்காரனுக்கு ஒரு வீட்டின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. முன்பக்கம் மட்டும் நன்றாகத் தெரியும். கேற் எப்படித் திறக்கிறது, நாய் கட்டியிருக்கிறதா, யன்னல் சீலை நேற்று இருந்த மாதிரியே இருக்கிறதா, போட்ட கடிதம் எடுபட்டதா. மியூன்ஸ்ரரில் தனியே இருந்த ஒரு கிழவரின் பெட்டியில் மூன்று நாள் கடிதம் எடுபடாமல் கிடந்ததைக் கண்டு அயல்வீட்டில் சொன்னேன். கதவை உடைத்துப் போய்ப் பார்த்தபோது அவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். உயிர் இருந்தது. அந்தக் கண்ணால்தான் இங்கேயும் பார்க்கிறேன். பார்த்ததில் ஒன்று மனதை அறுக்கிறது. எங்கள் வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டத் தொடங்கிவிட்டன. அப்படித் திருப்பி வைத்தவர்களில் பெரும் பங்கு, வெளியிலிருந்து காசு அனுப்பிய நாங்கள்.

முதலில் ஒரு படலையைப் பற்றிச் சொல்ல விடுங்கள். நல்லூரில் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பழைய வீட்டில் சங்கடப்படலை இன்னும் நிற்கிறது. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த குட்டைத் தூண்கள், மேலே இரண்டு பக்கம் சரிந்த சின்ன ஓட்டுக்கூரை, பனஞ்சலாகையில் போட்டது. கூரையின் கீழே வலமும் இடமும் முழங்கால் உயரத்தில் ஒவ்வொரு குந்து. எத்தனையோ பேர் இருந்து எழும்பியதில் அந்தக் குந்துகளின் விளிம்பு மழுங்கி, உள்ளங்கையால் தடவினால் சவர்க்காரக் கட்டி மாதிரி வழுக்குகிறது. ஒரு மூலையில் தண்ணீர்ப் பானை வைக்கப் பள்ளமாக ஒரு வட்டம். பானை இல்லை, வட்டம் இருக்கிறது. கார்த்திகை மழைக்கு நான் அங்கே ஒதுங்கியபோது, பள்ளிக்கூடப் பிள்ளையோடு ஒரு தாயும் சைக்கிளோடு ஒரு அதிர்ஷ்டலாபச் சீட்டு விற்கிறவரும் எனக்கு முன்னமே நின்றார்கள். வீட்டுக்காரர் வெளியே வரவும் இல்லை, ஆர் நிற்கிறது என்று கேட்கவும் இல்லை. அந்தக் கூரை வீட்டுக்காரருக்காகப் போட்டதல்ல. மழைக்கு ஒதுங்க அவருக்கு உள்ளே விறாந்தை இருக்கிறது. நாலு முழக் கூரையைத் தன் காசில் போட்டுத் தன் காணியில் நிறுத்தி, தெருவால் போகிறவனுக்கு விட்டிருக்கிறார் அவருடைய பாட்டனோ பூட்டனோ.

ஊர் முழுக்க இப்படி எத்தனை இருந்தன! பாரம் இறக்கி வைக்கச் சுமைதாங்கி. பிள்ளைத்தாச்சியாகச் செத்த பெண்ணின் நினைவுக்கு அவளுடைய வீட்டார் அதை நாட்டுவார்கள். மாடு உரசிக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல். கேணி, மடம், தண்ணீர்ப்பந்தல். பருத்தித்துறையில் தெருமூடிமடத்தைப் போய்ப் பாருங்கள். தெருவே மடத்துக்குள்ளால் போகிறது. இரண்டு பக்கமும் கல்தூணும் திண்ணையும். நடுவால் வாகனம் போய்வர, திண்ணையில் ஆட்கள் இருக்கிறார்கள். தெரு வேறு, தங்குமிடம் வேறு என்று அதைக் கட்டினவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. அந்தத் திண்ணைகளில் எல்லோரையும் இருக்க விடவில்லை. சாதியின் பேரால் படலைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும், கிணற்றில் அள்ள விடாமல் வாளித் தண்ணீருக்குக் கை ஏந்தி நின்றவர்களும் இதே ஒழுங்கைகளில்தான் வாழ்ந்தார்கள். என் சின்ன வயதில் எங்கள் வளவுக்குள்ளும் அது நடந்தது. சிரட்டையில் தேத்தண்ணீர் கொடுத்ததை என் கண்ணால் கண்டேன். பழசு எல்லாம் பொன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தத் திண்ணையை எல்லோருக்கும் திறந்து விடுவதுதான் நாங்கள் செய்திருக்க வேண்டிய திருத்தம். நாங்கள் திண்ணையை இடித்து எல்லோருக்கும் மதிலைக் காட்டினோம்.

இப்போது கட்டப்படுகிற மதில்கள் ஏழடி, எட்டடி. முகப்பில் பளபளக்கும் ரைல்ஸ் ஒட்டி, மேலே ஈட்டிமுனைக் கம்பி அல்லது போத்தல் ஓடு. கேற் முழுத் தகடு, ஒரு விரல் இடைவெளி இல்லை. பக்கத்தில் கமரா. வீட்டின் பெயர் கறுப்புக் கல்லில் ஆங்கிலத்தில். உள்ளே மாடி வீடு, ஆனால் பத்தில் எத்தனை யன்னல் திறந்திருக்கிறது என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. வருடத்தில் ஒரு மாதம் நாங்கள் வந்து நிற்பதற்கு அது பதினொரு மாதம் பூட்டிக் கிடக்கிறது. எங்கள் ஒழுங்கையில் பதினாலு வீடு. விளக்கு எரிவது எட்டில். மற்ற ஆறும் கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ். இரவு எட்டு மணிக்கு அந்த ஒழுங்கையால் ரியூசன் முடிந்து வருகிற பெண்பிள்ளைகள், மதிலும் மதிலும் நடுவில் இருட்டுமாக இருக்கிற நூறு யார் தூரத்தைச் சைக்கிளை உன்னி மிதித்துக் கடக்கிறார்கள். முன்னர் அதே இடத்தில் கிடுகுவேலி இருந்தது. வேலிக்குள்ளால் விளக்கு வெளிச்சம் தெரியும், குசினியில் சட்டி தட்டுகிற சத்தம் கேட்கும், “ஆரது போறது?” என்று ஒரு குரலாவது வரும்.

எங்கள் பகுதிக்கு வருகிற தபால்காரத் தம்பியோடு நான் அடிக்கடி கதைப்பேன், தொழில் பாசம். “முந்தி இருந்தவையள் சொல்லுவினம் அண்ணை, படலையில நிண்டு பேரைச் சொல்லிக் கூப்பிடுறதாம். இப்ப நான் மதிலுக்கு மேலால எறிஞ்சுபோட்டுப் போறன். நாய் கிழிச்சாலும் மழையில நனைஞ்சாலும் எனக்குத் தெரியாது” என்றான். ஆயிரக்கணக்கான டொலர் போட்டுக் கட்டிய மதிலில் ஒரு கடிதப் பெட்டிக்கு இடம் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியே இருந்து ஒன்று வரும் என்ற நினைப்பே இல்லாத மதில் அது.

மதில் கட்டியதற்குக் காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. கிடுகு ஒரு மாரிக்குத்தான் தாங்கும். வருடா வருடம் வேலியடைக்க ஓலை வேண்டும், ஆள் வேண்டும். இரண்டும் இப்போது அருமை. சண்டைக் காலத்தில் பங்கருக்கும் காவலரணுக்கும் எத்தனை பனை தறிபட்டது என்று எல்லோருக்கும் தெரியும். 1995 ஒக்ரோபர் 30 இரவு, ஊரே இடம்பெயர்ந்தபோது எல்லாவற்றையும் போட்டது போட்டபடி விட்டுச் செம்மணிப் பக்கமாக நடந்தவர்கள், அடுத்த வருடம் திரும்பி வந்தபோது நிலைக்கு நிலை கதவில்லாத வீட்டைக் கண்டார்கள். அந்தப் பயம் இலேசில் போகாது. கதிகாலை அரை முழம் அரக்கி நட்டு அரை ஆயுளை வழக்கில் கழித்த வேலிச் சண்டைகளும் எங்களுடையவைதான். சுவர் வேண்டாம் என்று ஒருவரும் சொல்லப் போவதில்லை. நாலடிச் சுவருக்கும் எட்டடிச் சுவருக்கும் இடையிலே இருப்பது கள்ளனைப் பற்றிய பயம் மட்டும்தானா என்று உங்களைக் கேட்கிறேன். எட்டடி மதில் பூட்டிய வீட்டில் கள்ளனுக்குத்தான் வசதி. உள்ளே ஏறி விழுந்துவிட்டால் விடியும்வரை ஒருவரும் காணமாட்டார்கள்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வந்த வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை கொட்டியது. எங்கள் ஒழுங்கையில் முழங்கால் தண்ணீர் நின்றது. ஒழுங்கையின் கடைசியில் இன்னும் வேலியோடு இருக்கிற இரண்டு வளவுகளின் முன்னால் மட்டும் அடுத்த நாளே வற்றிவிட்டது. காரணம் பெரிய விஞ்ஞானம் இல்லை. வேலிக்குக் கீழால் தண்ணீர் வளவுக்குள் போய் மண்ணில் இறங்கியது. மற்றவர்கள், நானும் சேர்த்து, மதிலுக்கு அத்திவாரம் போட்டு, முற்றம் முழுக்க இன்ரலொக் கல் பதித்து, எங்கள் வளவுத் தண்ணீரையும் ஒழுங்கைக்கே தள்ளிவிட்டிருக்கிறோம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கினால்தான் சித்திரையில் கிணற்றில் தண்ணீர். நாற்சார் வீட்டின் நடு முற்றம் வெறும் அழகுக்கு வைத்ததில்லை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரையும் பீலியால் வாங்கிக் கிடாரத்திலும் தொட்டியிலும் பிடித்து, மிச்சத்தை வாழையடிக்கும் கிணற்றடிக்கும் விட்ட வீடு அது. மத்தியானத்தில் அதன் நடுவே நின்று பாருங்கள். மேலே திறந்த வானத்தால் சூடு போக, நாலு விறாந்தையாலும் காற்று உள்ளே வரும். அதை இடித்துக் கொன்கிறீற் தட்டுப் போட்ட மாடி வீட்டில், எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் பங்குனி வெயிலுக்கு ஏசி உள்ள ஒரே அறையில் ஆறு பேரும் படுக்கிறார்கள்.

பூட்டிய வீடுகளின் தொட்டிகளிலும் மூடாத கிணறுகளிலும் மாரியில் நுளம்பு பெருகுகிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேற்றைத் தட்டிவிட்டுப் போகிறார். திறக்க ஆள் இல்லை. காய்ச்சல் வருவது அயலில் இருக்கிற பிள்ளைக்கு.

இன்னொரு காட்சி. தை மாதத்தில் நாவலர் வீதிக்கு அருகே ஒரு நாற்சார் வீட்டை இடித்தார்கள். லொறியில் முதலில் ஏறியது கதவு நிலை. மேற்கட்டையில் இரண்டு யானை நடுவே கஜலட்சுமி, வேப்ப மரமோ முதிரையோ, எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. பிறகு உருட்டுத் தூண்கள், பிறகு கம்பி போட்ட யன்னல்கள். “எங்கே போகுது?” என்று கேட்டேன். கொழும்பிலே ஒரு கடைக்கு என்றார்கள். விலை கேட்டபோது எனக்கு நெஞ்சு இறுகியது. வீட்டுக்காரர் வசிக்கிற நாட்டில் அந்தக் காசுக்கு ஒரு கதிரை வாங்கலாம். அவர் வரக்கூட இல்லை. அற்றோணித் தத்துவம் பெற்றவர் நின்று எண்ணிக் கொடுத்தார். அந்த நிலைக்குக் கீழால் அவருடைய தாய் மணப்பெண்ணாக வந்திருப்பார், தகப்பன் பாடையில் போயிருப்பார்.

பருத்தித்துறை வீதியில் இருக்கிற பழைய காலத்துக் கட்டிடமான மந்திரிமனை, நான் வருவதற்குச் சில நாள் முன்னர் பெய்த மழையில் ஒரு பக்கம் இடிந்து விழுந்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள், நாங்களும் முகநூலில் கண்ணீர் விட்டோம். அதைப் பார்க்கத் தொல்லியல் திணைக்களம் இருக்கிறது, குறை சொல்லவாவது ஒரு பெயர் இருக்கிறது. உங்கள் பேத்தியார் இருந்த வீட்டுக்கு உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

சோனகத் தெருப் பக்கம் நடந்தால் கூரையில்லாத சுவர்களில் ஆலம்வேர் இறங்கி நிற்பதைக் காணலாம். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை இரண்டே மணி நேரத்தில் வெளியேற்றிய வீடுகள் அவை. அந்த வெறுமையை எங்கள் பூட்டிய வீடுகளோடு ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. அவர்கள் இருக்க விரும்பிய வீடு அவர்களுக்கு இல்லாமல் போனது. நாங்கள் இருக்கிற வீட்டை இல்லாமல் ஆக்குகிறோம்.

மியூன்ஸ்ரரில் என் கடைசிப் பதினொரு வருடமும் நகர நடுவில்தான் வேலை. அங்கே பிறின்சிபால்மார்க்ற் என்று ஒரு தெரு. இரண்டு பக்கமும் வரிசையாகக் கூர்முகட்டு வீடுகள். ஒவ்வொரு வீட்டின் கீழ்த்தளமும் தெருப்பக்கம் வளைவுத் தூண்களோடு திறந்திருக்கும். மழையிலும் பனியிலும் சனம் அந்த வளைவுகளுக்குக் கீழால் நடந்து போகும். மேலே இருப்பது தனியாருடைய வீடும் கடையும், கீழே நடப்பது ஊர். இரண்டாம் உலகப் போரின் குண்டுகளில் அந்தத் தெரு கற்குவியலாகியது. பிறகு திரும்பக் கட்டியபோது முகப்பின் சிற்பங்களைக் கொஞ்சம் எளிமையாக்கினார்கள்; ஆனால் கூர்முகட்டையும் நடப்பவர்களுக்கான அந்த வளைவையும் விடவில்லை. மழைக்காலக் காலைகளில் தபால் வண்டிலைத் தள்ளிக்கொண்டு அதன் கீழால் போகும்போதெல்லாம் எனக்கு ஊர்ச் சங்கடப்படலைதான் ஞாபகம் வரும். அழிந்து எழும்பிய ஊருக்கு அது முடிந்திருக்கிறது.

இனி என் வீட்டுக் கதை. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

எங்கள் வளவுக்கும் மேற்கே இருக்கிற மாமி வீட்டுக்கும் நடுவில் பூவரசங் கதிகால் போட்ட கிடுகுவேலி. கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பொட்டு. குனிந்து நுழையலாம். அதுக்குள்ளால் கறி வரும், நெருப்புப்பெட்டி போகும், பேப்பர் வரும், பூவரசம் இலையில் சுற்றிப் பிள்ளையாருக்கு அவித்த மோதகம் போகும். ஐயா செத்த பிறகு அம்மா தனியே. சண்டை முடிந்து 2010 இல் ஊர் முழுக்க மதில் எழும்பியபோது நானும் காசு அனுப்பினேன். அம்மாவுக்குப் பாதுகாப்பு என்று நினைத்தேன். “வேலி கிடக்கட்டும் தம்பி” என்று தொலைபேசியில் இரண்டு தரம் சொன்னார். நான் கேட்கவில்லை. நாலு பக்கமும் ஏழடி. மேலே போத்தல் ஓடு பதிக்கச் சொன்னதும் நான்தான்.

2012 ஆவணியில் ஒரு காலை அம்மா கிணற்றடிப் பாசியில் சறுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தண்ணீர் மோட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மாமி அந்தப் பக்கம் சட்டி கழுவிக்கொண்டிருந்தவர், மோட்டர் சத்தத்தில் அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. வெகுநேரம் மோட்டர் நிற்காமல் ஓடுகிறதே என்று யோசித்து, ஒழுங்கையைச் சுற்றி வந்து கேற்றைத் தட்டியிருக்கிறார். உள்ளே பூட்டு. சந்தியில் நின்ற பெடியன் ஒருவனைக் கூட்டிவந்து மதிலால் ஏறிக் குதிக்க வைத்தார்கள். அவனுடைய உள்ளங்கையில் ஏழு தையல், நான் காசு கொடுத்துப் பதித்த போத்தல் ஓட்டால். ஆறு மணிக்கு விழுந்த அம்மாவைத் தூக்கியபோது பத்தரை மணி. அதற்குப் பிறகு ஐந்து மாதம் இருந்தார்.

போன மாதம் மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு இப்போது 83 வயது. ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. “மதில் எழும்பினாப் பிறகு கொம்மான்ர முகத்தை நான் கோயில்ல மட்டும்தான் கண்டனான் தம்பி. நாப்பது வரியம் விடிஞ்சா முதல் முழிக்கிறது அவவின்ர முகத்தில” என்றார்.

அன்று இரவு பெட்டியிலிருந்து எங்கள் காணி உறுதியை எடுத்துப் பார்த்தேன். உங்களிடமும் ஒன்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். காணிக்கு ஒரு பெயர் இருக்கும். பிறகு கிழக்கு இன்னாருடைய காணி, வடக்கு ஒழுங்கை, மேற்கு இன்னாருடைய காணி, தெற்கு இன்னாருடையது என்று எல்லை எழுதியிருக்கும். அயலவருடைய பெயரைச் சொல்லாமல் எங்கள் காணி எது என்று சொல்ல உறுதிக்கே முடியவில்லை. 1707 இல் ஒல்லாந்தர் எழுத்தில் தொகுத்த எங்கள் வழக்கச் சட்டமான தேசவழமை, காணி விற்க முன்னர் உரித்தாளருக்கும் பங்காளிகளுக்கும் சொல் என்றது. அந்தக் காணியை ஈடு வைத்திருந்த அயலவருக்கும் சொல் என்றது.

உங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. மதில் கட்டப் போகிறீர்களா, தெருப்பக்கம் மட்டுமாவது நாலடியோடு நிறுத்தி மேலே கம்பி அடியுங்கள். ஆள் போவது தெரியட்டும். பூவரசோ கிளுவையோ நட்டு வேலி வளர்க்க இடம் இருந்தால் அதைவிட நல்லது இல்லை. பழைய வீட்டை இடிக்கத்தான் வேண்டும் என்றால், தலைவாசலையும் படலையையும் விட்டுவிட்டுப் பின்னால் உங்களுக்கு வேண்டியதைக் கட்டலாம். அப்படிக் கட்டிய இரண்டு வீட்டை நல்லூரிலேயே கண்டேன், சொன்னால் கூட்டிப்போய்க் காட்டுவேன். கதவு நிலையை விற்க முன்னர் ஒருமுறை வந்து அதைத் தொட்டுப் பாருங்கள். வீட்டைப் பூட்டி வைக்காமல், வாடகை குறைவானாலும் பரவாயில்லை, பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தை இருத்துங்கள். கேற்றில் ஒரு கடிதப் பெட்டி வையுங்கள். வீட்டுக்குப் பெயர் வைப்பதானால் உறுதியில் இருக்கிற காணிப் பெயரைத் தமிழில் எழுதுங்கள். எங்களுடையது ‘இலுப்பையடி’. இலுப்பை மரத்தை நான் கண்டதில்லை. பெயரில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

வருகிற திங்கட்கிழமை எங்கள் வீட்டுக்கு மேசன் வருகிறார். போத்தல் ஓட்டை முழுக்கத் தட்டி எடுக்கிறோம். தெருப்பக்க மதிலை நாலடிக்கு இறக்குகிறோம். கிணற்றடிக்கு நேரே மேற்கு மதிலில் மூன்றடி அகலத்துக்கு வெட்டச் சொல்லியிருக்கிறேன். இரும்புக் கதவு போடவா, பலகை போடவா என்று மேசன் கேட்டார். மாமியிடம் போய்க் கேட்டேன்.

“கதவு என்னத்துக்கு? ஒரு படலை காணும். கொழுக்கியை எனக்கு எட்டிற உயரத்தில வை” என்றார்.

இப்படிக்கு,
இலுப்பையடி வளவுக்காரன்
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்